ஐந்தாண்டுக் கணக்கில் தொண்ணூறு நாள்

அமெரிக்க கிரீன் கார்டின் முன்பக்கத்தில் ‘ரெசிடெண்ட் சின்ஸ்’ என்றொரு சின்ன வரி உண்டு. அதையொட்டி ஒரு தேதி அச்சாகியிருக்கும். கார்டு எப்போது காலாவதியாகிறது என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். குடியுரிமைக் கணக்கு ஓடுவதோ இந்த இன்னொரு தேதியிலிருந்து. அன்று தொடங்கி ஐந்து ஆண்டு முடிந்தால் குடிமகனாக விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்தாண்டு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், தொண்ணூறு நாள் முன்பே விண்ணப்பத்தைப் போடலாம் என்று ஒரு சலுகையும் இருக்கிறது.

சலுகை எளிதுதான், கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவரின் கார்டில் 2020 ஆகஸ்ட் 15 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு 2025 ஆகஸ்ட் 15இல் நிறைகிறது. மூன்று மாதம் பின்னால் எண்ணி, மே 15 அன்றே என்-400 படிவத்தை அனுப்பினால் அது இரண்டு நாள் முந்திய விண்ணப்பம். இடையில் மே, ஜூலை என்று 31 நாள் மாதங்கள் வருவதால், தொண்ணூறு நாள் என்பது மே 17இல்தான் தொடங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1952ஆம் ஆண்டின் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு ‘மூன்று மாதம்’ என்றே சொல்கிறது. நடைமுறை விதிகள்தான் அதை 90 நாளாக்கி வைத்திருக்கின்றன. குடிவரவுத் துறை பார்ப்பது விதியை. அவசரப்பட்ட விண்ணப்பம் வாசலிலேயே திருப்பப்பட்டால் கட்டணம் மிஞ்சும். உள்ளே போய், நேர்காணல் மேசையில் அது கண்ணில் பட்டால் விண்ணப்பமும் போச்சு, பணமும் போச்சு. 2024 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் தாளில் அனுப்பினால் 760 டாலர், ஆன்லைனில் 710 டாலர்.

முன்னதாகப் போடலாம் என்பதை முன்னதாகக் குடிமகனாகலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாண்டு நிறையும்வரை யாருக்கும் உறுதிமொழி செய்துவைக்க மாட்டார்கள். வரிசையில் மூன்று மாதம் முன்னால் நிற்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். சலுகை தொடுவதும் தொடர்ச்சியாக வசித்த காலத்தை மட்டுமே. ஐந்தாண்டில் குறைந்தது 30 மாதம் அமெரிக்க மண்ணில் உடலோடு இருந்திருக்க வேண்டும் என்ற இன்னொரு நிபந்தனை விண்ணப்பம் போடும் நாளிலேயே நிறைவேறியிருக்க வேண்டும். வேலைக்காக ஆண்டில் பாதியை பெங்களூரிலோ துபாயிலோ கழித்தவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். ஒரே மாநிலத்தில் மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் மட்டும், முன்கூட்டி விண்ணப்பித்தவருக்குக் கொஞ்சம் இளக்கம் உண்டு. நேர்காணலுக்குள் அது நிறைந்தால் போதும்.

இந்தச் சின்னச் சலுகைக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2025 அக்டோபரில் தெரிந்தது. குடியுரிமை கேட்பவர்கள் தேற வேண்டிய குடிமைத் தேர்வு அந்த மாதம் மாறியது. பழைய தேர்வில் 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து பத்து கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் தேர்ச்சி. புதியதில் பட்டியல் 128 கேள்வி. கேட்பது இருபது, தேற வேண்டியது பன்னிரண்டு. அக்டோபர் 20 அன்றும் அதன்பிறகும் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு, அதற்கு முன் போட்டவர்களுக்குப் பழையது. 2026 ஜனவரி 10 அன்று ஐந்தாண்டு நிறைகிற ஒருவருக்கு அக்டோபர் 12 முதல் 19 வரை எட்டு நாள் கைவசம் இருந்தது. தொண்ணூறு நாள் கணக்கு தெரிந்திருந்தால் பத்துக் கேள்வி, தெரியாவிட்டால் இருபது.

இந்த ஐந்து ஆண்டு எங்கிருந்து வந்தது? அறிவியலோ ஆராய்ச்சியோ சொன்ன எண் இல்லை அது. 1790ஆம் ஆண்டின் முதல் சட்டம் இரண்டு ஆண்டு போதும் என்றது, வந்தவர் சுதந்திரமான வெள்ளையராக இருந்தால். 1795இல் அது ஐந்தானது. மூன்றே ஆண்டு கழித்து, ஜான் ஆடம்ஸ் அதிபராக இருந்தபோது, ஒரே தாவலில் பதினான்கு! அயர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்திறங்கியவர்கள் குடியுரிமை கிடைத்ததும் ஜெஃபர்சனின் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் ஆளுங்கட்சிக்கு. 1802இல் ஜெஃபர்சன் ஆட்சியில் அது மறுபடி ஐந்துக்கு இறங்கியது, இன்றுவரை அங்கேயே நிற்கிறது. யார் ஓட்டு யாருக்குப் போகும் என்ற கணக்குதான் காத்திருப்பின் நீளத்தை அன்று தீர்மானித்தது. இப்போது நிலைமை பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை.

ஐந்தாண்டை உண்மையிலேயே சுருக்கும் வழிகள் வேறு. அவற்றில் அதிகம் பேர் போவது கல்யாண வழி. அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, மூன்றாண்டு சேர்ந்து வாழ்ந்தவருக்குக் காத்திருப்பு மூன்றே ஆண்டு. இதன் வரலாறு தலைகீழானது. 1855 முதல், அமெரிக்கரை மணந்த அயல்நாட்டுப் பெண் அந்தக் கணமே குடிமகள் ஆகிவிட்டாள். விண்ணப்பமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அதே தர்க்கத்தின் மறுபக்கமாக, அயல்நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் சொந்தக் குடியுரிமையையே இழப்பாள் என்று 1907இல் சட்டம் வந்தது. 1922இன் கேபிள் சட்டம் இந்த ஏற்பாட்டை உடைத்தது. மனைவி தனக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஓராண்டு வசித்திருந்தால் போதும் என்றாயிற்று. 1934இல் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவாக மூன்றாண்டு என்று ஆனது. பெண்ணுக்குச் சம உரிமை வந்ததோடு சேர்ந்து அவள் காத்திருக்கும் காலமும் நீண்டுவிட்டது.

மூன்றாண்டு வழியில் முள்ளும் உண்டு. கணவரே மூன்றாண்டுக்கு முன்பு குடிமகனாகியிருக்க வேண்டும். போன ஆண்டு உறுதிமொழி எடுத்தவரின் மனைவிக்கு இந்த வழி திறக்காது. தொண்ணூறு நாள் சலுகை இங்கேயும் செல்லும், ஆனால் கார்டு வாங்கிய காலத்துக்கு மட்டும். கல்யாணம் ஆகி மூன்றாண்டு சேர்ந்து வாழ்ந்த கணக்கு விண்ணப்ப நாளில் முழுசாக இருக்க வேண்டும். கார்டு கிடைத்த அதே மாதத்தில் மணம் முடித்தவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். விண்ணப்பம் போட்டபின் மணமுறிவு ஆனாலோ, துணை இறந்துபோனாலோ இந்த வழி மூடிக்கொள்ளும். உறுதிமொழிக்கு ஒரு வாரமே பாக்கி இருந்தாலும் சரிதான். பிறகு ஐந்தாண்டு வரிசையில் நின்றாக வேண்டும். ஒரு நல்ல விதிவிலக்கு மட்டும் இருக்கிறது. அடி உதை தாங்காமல் பிரிந்து, அந்தக் கொடுமையின் அடிப்படையில் கிரீன் கார்டு பெற்றவர், சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டாமலே மூன்றாண்டில் விண்ணப்பிக்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று 1952 சட்டத்தின் 319ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. துணைவர் அமெரிக்கக் குடிமகன், அவரை அமெரிக்க அரசோ, அமெரிக்க நிறுவனமோ, அங்கீகாரம் பெற்ற ஆய்வு அமைப்போ வெளிநாட்டில் பணிக்கு அனுப்பியிருக்கிறது என்றால், கிரீன் கார்டு வைத்திருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ காத்திருப்புக் காலமே கிடையாது. ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை, பூஜ்யம். அமெரிக்க கம்பெனி ஒன்று தன் அதிகாரியைச் சென்னைக்கு இரண்டாண்டுக்கு அனுப்பினால், அவர் மனைவி கார்டு வாங்கிய கையோடு குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு அவருடன் கிளம்பலாம். நேர்காணலுக்கும் உறுதிமொழிக்கும் அமெரிக்காவில் இருக்க வேண்டும், கணவரின் பணி முடிந்ததும் அங்கே திரும்பி வாழ்வேன் என்று எழுதித் தர வேண்டும். இருபதாண்டாக அந்த மண்ணிலேயே வரி கட்டிக் கிடக்கும் எச்-1பி வேலை விசா ஊழியரோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த வகைச் சேவைக்கு அரசு எவ்வளவு மதிப்புப் போடுகிறது என்பது புரிந்துவிடும்.

மிகப் பழைய குறுக்குவழி பட்டாளம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862லேயே, நல்லபடியாகப் பணி முடித்த அயல்நாட்டுச் சிப்பாய் ஓராண்டு வசித்திருந்தால் குடிமகனாகலாம் என்று சட்டம் போட்டார்கள். இன்றைக்கு அமைதிக் காலமானால் ஓராண்டு சேவை போதும். போர்க்காலம் என்று அதிபர் அறிவித்திருந்தால் வசிப்புக் காலமே தேவையில்லை. 2002 ஜூலையில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட ஆணை, 2001 செப்டம்பர் 11 முதல் போர்க்காலம் என்றது. அந்தப் போர்க்காலம் இன்னும் முடியவில்லை.

ஆனால் பட்டாளம் தந்ததை நிறம் பறித்த கதையும் இந்த வழியில்தான் இருக்கிறது. பஞ்சாபிலிருந்து 1913இல் வந்த பகத் சிங் திந்த், முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். 1918 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் குடியுரிமை கிடைத்தது. நான்கே நாளில் அது ரத்தானது. 1920இல் ஆரெகனில் மறுபடி பெற்றார். அரசு உச்ச நீதிமன்றம்வரை போய் வழக்காடியது. 1923இல், சாதாரண மக்களின் புரிதலில் இவர் வெள்ளையர் ஆக மாட்டார் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டி, ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த மற்ற இந்தியர்களின் குடியுரிமையையும் அரசு பறிக்கத் தொடங்கியது. முதல் உலகப்போரில் பணியாற்றிய ஆசியச் சிப்பாய்களுக்காக 1935இல் தனிச் சட்டம் வந்த பிறகு, 1936இல் நியூயார்க்கில் திந்த் மூன்றாவது முறையாகக் குடிமகனானார். சேவை செய்தவருக்கு விரைவு வழி என்று இருந்த சட்டம் அவரைப் பதினெட்டு ஆண்டு அலையவிட்டது.

பட்டாள வழியில் தமிழுக்கும் ஒரு சின்ன இடம் கிடைத்தது. 2009இல் தொடங்கிய ‘மாவ்னி’ என்ற திட்டம், மருத்துவர்களையும் ராணுவத்துக்கு வேண்டிய மொழிகள் தெரிந்தவர்களையும் கிரீன் கார்டு இல்லாமலே படையில் சேர்த்துக்கொண்டது. மொழிப் பட்டியலில் இந்தி, மலையாளம், பஞ்சாபி, சிங்களம் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் வந்து, எச்-1பிக்கும் கிரீன் கார்டுக்கும் நடுவே தவம் கிடக்க வேண்டியவர்கள் அடிப்படைப் பயிற்சி முடிகிற கையோடு குடிமக்கள் ஆனார்கள். 2016இல் பாதுகாப்புச் சோதனைகளை இறுக்கி, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த பலர் அந்தரத்தில் தொங்கினார்கள், வழக்குகள் தொடர்ந்தன.

இதுவரை பார்த்த எல்லாச் சுருக்கமும் கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு வருவது. அது எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதுதான் பெரிய கேள்வி. வானியலாளர் எஸ். சந்திரசேகர் 1937 தொடக்கத்தில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போர்க்காலத்தில் மேரிலாந்தின் அபர்டீன் ராணுவ ஆய்வுக்கூடத்துக்காகவும் வேலை பார்த்தார். ஆனால் 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் வரும்வரை, திந்தைப் போன்ற முதல் உலகப்போர்ச் சிப்பாய்களைத் தவிர, இந்தியர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக விண்ணப்பிக்கவே முடியாது. அதுவரை அவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகளை எண்ணுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் குடிமகனானது 1953இல்.

இன்று இனத் தடை இல்லை. அந்த இடத்தில் ஒதுக்கீட்டுத் தடை இருக்கிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் அதில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது பொது விதி. இந்தியாவிலிருந்து வரிசையில் நிற்பவர்கள் பல லட்சம். 2025 நடுவில், முதுகலைப் பட்டதாரிகள் போகும் இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கு நகர்ந்திருந்த ‘பிரயாரிட்டி டேட்’, அதாவது அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்கே கார்டு என்ற தேதி, 2013 ஜனவரி 1. நியூ ஜெர்சியிலோ டல்லாசிலோ வீடு வாங்கி, பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு கணினிப் பொறியாளர் அந்த நாட்டில் கழித்த பதினைந்து ஆண்டில் ஒரு நாள்கூட ஐந்தாண்டுக் கணக்கில் சேராது. கார்டு கையில் வந்த நாளில் அவர் புதிதாக வந்தவர். இந்த நிலையில் தொண்ணூறு நாளை மிச்சம் பிடிப்பதைப் பற்றி யாராவது ஆர்வமாகப் பேசினால் அவருக்குச் சிரிப்பு வந்தாலும் வரும்.

அகதிகளிடம் அதே சட்டம் வேறு முகம் காட்டுகிறது. அகதியாக உள்ளே வந்தவருக்குக் கார்டு எப்போது கிடைத்தாலும், ‘ரெசிடெண்ட் சின்ஸ்’ தேதியை நாட்டுக்குள் நுழைந்த நாளுக்கே பின்தேதியிடுவார்கள். உள்ளே வந்தபின் தஞ்சம் பெற்றவருக்கு, கார்டுக்கு ஒப்புதல் ஆன நாளிலிருந்து ஓராண்டு பின்தள்ளுவார்கள். கார்டு அச்சாகும் முன் வாழ்ந்த காலத்தையும் எண்ண முடியும் என்பது சட்டத்துக்குத் தெரிந்த விஷயம்தான்.

கனடா இதை எல்லாருக்குமே செய்கிறது. 2017 அக்டோபரிலிருந்து, ஐந்தாண்டில் 1,095 நாள் அங்கே இருந்திருந்தால் குடியுரிமை கேட்கலாம். நிரந்தர வசிப்புரிமைக்கு முன்னால் மாணவராகவோ, தொழிலாளராகவோ, பாதுகாப்புப் பெற்ற அகதியாகவோ கழித்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, 365 நாள் வரை சேரும். ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர் பலரின் கணக்கில் இந்த அரை நாள்கள் வந்திருக்கின்றன. ஆனால் அங்கே முன்கூட்டி விண்ணப்பிக்கும் சலுகை இல்லை. கையெழுத்துப் போடும் நாளுக்கு முன் 1,095 நிறைந்திருக்க வேண்டும். பயணக் கணக்கு பிசகினால் ஆபத்து என்று, சில நாள் கூடுதலாக வைத்துக்கொண்டே போடச் சொல்கிறது அரசு. ஜெர்மனி 2024 ஜூனில் எட்டாண்டை ஐந்தாகக் குறைத்து, மொழியிலும் வேலையிலும் சிறந்து விளங்கியவர்களுக்கு மூன்றாண்டு என்று ஒரு விரைவு வழியும் திறந்தது. 2025 அக்டோபரில் ஆட்சி மாற்றத்துக்குப் பின் மூன்றாண்டு வழியை மூடிவிட்டது. ஒன்றரை ஆண்டுகூட அது திறந்திருக்கவில்லை.

இந்தியாவிலும் இப்படியொரு குறைப்பு உண்டு. வழக்கமான பாதையில் பதினோரு ஆண்டு வாழ்ந்ததோடு, விண்ணப்பிக்கும் முன் தொடர்ச்சியாக ஓராண்டும் இருந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பதினொன்றை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு ஐந்தாக்கியது. 2024 மார்ச்சில் விதிகள் வந்தன. 1983க்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்துவரும் இலங்கைத் தமிழருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்தவர்களும் அதில் அடக்கம்.

மறுபடி அமெரிக்கக் கணக்குக்கு வரலாம். முன்கூட்டிப் போட நினைப்பவர்களின் திட்டத்தை அதிகம் கலைப்பது ஊர்ப்பயணம். மதுரையில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று துறை முதலில் அனுமானிக்கும். அங்கே வேலை இருந்தது, வீடு இருந்தது, வரி கட்டினேன் என்று காட்டி அந்த அனுமானத்தை உடைக்கலாம். ஓராண்டு ஆகிவிட்டால் உடைக்க ஒன்றுமில்லை. மறுநுழைவு அனுமதி கார்டைக் காப்பாற்றும், குடியுரிமைக் கணக்கைக் காப்பாற்றாது. திரும்பி வந்த நாளிலிருந்து நான்காண்டும் ஒரு நாளும் கழிந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்கின்றன விதிகள். ஆனால் அன்று போட்டால், பின்னோக்கிப் பார்க்கும் ஐந்தாண்டுக்குள் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான அந்த இடைவெளி இன்னும் கிடக்கும், பழைய அனுமானமும் கூடவே வரும். நான்கரை ஆண்டு பொறுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனைக்கும் நடுவே, தகுதி வந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கும் இந்தியர்களும் நிறைய. காரணம் சோம்பல் இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்க உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். அதை வைத்து வந்து போகலாம், பிளாட் வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பூர்வீகமாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வயல் விலைக்கு வந்தால் வாங்க முடியாது. தஞ்சைப் பக்கத்துக் குடும்பங்களில் இந்த ஒரு காரணத்துக்காகவே அண்ணன் குடிமகனாகி, தம்பி கார்டோடு நிறுத்திக்கொள்வதும் நடக்கிறது. மறுதட்டில், பெற்றோரை ஒதுக்கீட்டு வரிசை இல்லாமல் அழைத்துக்கொள்ள வேண்டுமானால் பிள்ளை குடிமகனாக இருந்தே ஆக வேண்டும்.

அப்படி வந்துசேரும் பெற்றோருக்கு அவசரம் சில சமயம் எதிராகவே முடிகிறது. ஐம்பது வயது கடந்து இருபதாண்டு கிரீன் கார்டு வைத்திருந்தவருக்கும், ஐம்பத்தைந்து கடந்து பதினைந்தாண்டு வைத்திருந்தவருக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமைக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். அறுபத்தைந்தும் இருபதும் நிறைந்தால் படிக்க வேண்டியது இருபதே கேள்வி. பதினான்கேமுக்கால் ஆண்டு ஆன ஒரு அம்மாவுக்காக மகன் ஆர்வத்தில் இப்போதே படிவத்தை அனுப்பிவிட்டால், அவர் ஆங்கிலத்தில் எழுதிப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். இந்த விலக்குக்குத் தொண்ணூறு நாள் சலுகை பொருந்தாது. வயதும் ஆண்டும் விண்ணப்பம் போடும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும்.